சாக்கு மாத்தினா மல்லாட்டை முந்திரி ஆயிடுமா?

இந்தச் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கறதுக்கு அவுரங்கசீப்போட தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல வந்து கூடாரம் அடிச்சான். 1698-லதான் உள்ள நொழைய முடிஞ்சுது. அவனுக்கு அப்பால இந்த ஊர்ல அவ்ளோ பொறுமையா ஒரே எடத்துல உட்கார்ந்து பாக்கறது நீதான்டா பேராண்டி. நாலு நிமிச வீடியோவை வெப்சைட்டுல ஓட வைக்கறன்னு சாயங்காலம் உட்கார்ந்தவன், விடியகாலையில நான் பால் வாங்கப் போறப்பவும் அந்த வட்டம் சுத்தறதையே பாத்துக்கினு இருக்கற. கானுக்காவது கடைசியில கோட்டை கெடைச்சுது. உனக்கு ‘இந்த ஃபைல் சப்போர்ட் ஆகாது’ன்னு ஒரு வரி கெடைச்சுது.

தப்பா நெனைச்சுக்காத. நீ டிப்ளமா படிச்சவன். நான் மல்லாட்டை மூட்டையை வண்டியில ஏத்திக்கினு மார்க்கெட் கமிட்டிக்குப் போய், ஏலத்துல வெலை கேட்டுட்டு, வேட்டியை ஒதறிக்கினு திரும்பி வந்தவன். எனக்கு இன்னா தெரியும்? உன் ஸ்டுடியோவுல ஃபேன் காத்து நல்லா வருதேன்னு வந்து உட்கார்றன். பேப்பரை முகத்துக்கு நேரா வச்சிக்கறன். கெழவன் தூங்கறான்னு நெனைச்சுக்கினு நீங்க பேசறதெல்லாம் காதுல உழுதுடா.

ஊருக்கு இப்பதான் நல்ல காலம். யுனெஸ்கோவுல 2025 ஜூலை மாசம் மராட்டியர் காலத்துக் கோட்டைங்க பன்னெண்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. பதினொண்ணு மகாராஷ்டிரத்துல. மிச்சம் ஒண்ணு நம்மளுது. கல்யாண மகால் முன்னால ஒருத்தன், ஆனைக்குளத்துக்கிட்ட ஒருத்தி, வெங்கட்ரமணர் கோயில் வாசல்ல ஒரு குடும்பம், எல்லார் கையிலயும் கேமரா. எடுத்துடறாங்க. எடுத்தது ஊரான் போன்ல ஓடணும்னா மட்டும் உன் கடைக்கு வராங்க. நீ ‘ரெண்டர் ஓடுது, நாளைக்கு வாங்க’ன்னு சொல்ற. நாளைக்கும் அதையே சொல்ற. பட்டா மாறுதலுக்கு அலைய விடற ஆபீசுல உனக்கு வேலை கெடைக்காமப் போனது அரசாங்கத்துக்குத்தான் நட்டம்.

சரி, கேக்கறியோ இல்லியோ, சொல்றன்.

மொத வேலையா நீ இன்னா பண்ண? எம்.ஓ.வி.ன்னு இருந்த பேரை அழிச்சிட்டு எம்.பி.4-ன்னு எழுதின. ஆகா! இந்த அறிவு அன்னிக்கு எங்களுக்கு இல்லாமப் போச்சே! மல்லாட்டைச் சாக்கு மேல மையைத் தொட்டு ‘முந்திரி’ன்னு எழுதியிருந்தா, பண்ருட்டிக்காரனே லாரி எடுத்துக்கினு வந்திருப்பான். நானும் மாடி வீடு கட்டியிருப்பன்.

ஏலம் எடுக்கறவன் சாக்கு மேல எழுதினதைப் பாக்க மாட்டான்டா. கையை உள்ள உட்டு ஒரு பிடி அள்ளுவான். நசுக்குவான், பருப்பை வாயில போட்டு மெல்லுவான், அப்பாலதான் வாயைத் திறப்பான். குரோமும் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் பண்றது அதுதான். எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி., ஏ.வி.ஐ., வெப்எம் எல்லாம் வெறும் சாக்கு. உள்ள படம் ஒரு சரக்கு, சத்தம் ஒரு சரக்கு. படத்தைச் சுருக்கி வச்ச முறை எச்.264-ஆ, எச்.265-ஆ, வி.பி.9-ஆ, ஏ.வி.1-ஆ, பழைய டிவிடி காலத்து எம்பெக்-2-வான்னு பாத்துத்தான் பிரவுசர் ஓட்டறதும் ஓட்டாததும்.

உன் கெட்ட நேரம், பேரை மாத்தினா சில தடவை ஓடியும் தொலைக்குது. ஏன்? ஆப்பிள்காரன் 1991-ல கொண்டாந்த குயிக்டைம் சாக்கை அளவெடுத்துத்தான் எம்.பி.4 சாக்கையே தெச்சாங்க. எம்.ஓ.வி.யும் அதுவும் பங்காளிங்க. உள்ள இருக்கற சரக்கு நல்ல சரக்கா இருந்துட்டா, பேர் மாத்தினதாலதான் ஓடுச்சுன்னு நீ நெனைச்சுக்கற. அதே கையோட எம்.கே.வி.யையும் மாத்தற, கருப்பா நிக்குது. கம்ப்யூட்டரைத் தட்டற. அது இன்னா பண்ணும் பாவம்?

அதனால மொதல்ல கையை உள்ள உட்டுப் பாரு. வி.எல்.சி.யில படத்தை ஓட விட்டு, கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அமுக்கு. ஒரு பொட்டி திறக்கும். சுருக்கி வச்ச முறைக்குக் கோடெக்குன்னு பேரு. படம் எந்த கோடெக்கு, சத்தம் எந்த கோடெக்கு, எத்தனை புள்ளிக்கு எத்தனை புள்ளி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எல்லாம் அங்க இருக்குது. அரை நிமிச வேலை. அதைப் பண்ணாமத்தான் ராத்திரி முழுக்க கரன்ட்டு செலவு பண்ற. பில்லு கட்டறது உங்கப்பன், உனக்கு இன்னா?

பார்த்தாச்சா? இப்பதான் மூளைக்கு வேலை. மூணு வழிதான் இருக்குது.

உள்ள படம் எச்.264, சத்தம் ஏ.ஏ.சி., வெறும் சாக்கு மட்டும் எம்.கே.வி.யோ எம்.ஓ.வி.யோன்னு வச்சுக்கோ. சரக்கைத் தொடாத. ஒரு சாக்குலேர்ந்து இன்னொரு சாக்குக்குக் கொட்டு, வேலை முடிஞ்சுது. ஒரு பருப்பு கொறையாது. எஃப்எஃப்எம்பெக்குன்னு ஒரு மென்பொருள். ஃபாப்ரிஸ் பெல்லார்ங்கற பிரெஞ்சுக்காரர் 2000-ல ஆரம்பிச்சது, காசு பணம் கெடையாது. அதுல ‘சி காப்பி’ன்னு ஒரு சொல்லு சேர்த்தா, ஒரு மணி நேர வீடியோவை நீ டீ ஆத்தறதுக்குள்ள மாத்திக் குடுத்துடும். ஜுல்பிகர் கான் எட்டு வருசம் முக்கின கோட்டையை 1750-ல புஸ்ஸியோட பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில பிடிச்சிட்டுப் போச்சு. அந்த நாட்டு ஆளுங்களுக்குச் சுருக்குனு முடிக்கற கை போலிருக்குது.

ரெண்டாவது, படம் சரி, சத்தம் மட்டும் கோளாறு. டிவிடியிலேர்ந்தும் சினிமா ஃபைல்லேர்ந்தும் வர்ற ஏ.சி.3 சத்தத்தைப் பல பிரவுசரு ஓட்டறதில்ல. படம் ஓடும், மாப்பிள்ளை வாயசைப்பான், சத்தம் வராது. நீ உடனே முழு வீடியோவையும் மாத்தக் கெளம்பிடற. படத்தை அப்படியே காப்பி பண்ணு, சத்தத்தை மட்டும் ஏ.ஏ.சி. ஆக்கு. கால்ல முள்ளு குத்தினதுக்கு யாராவது தலையை மொட்டை அடிப்பாங்களா? நீ அடிச்ச. போன மாசம் அடிச்ச, நான் பேப்பருக்குப் பின்னாலேர்ந்து பார்த்தன்.

மூணாவதுதான் நெஜமாவே செக்குல போட்டு ஆட்டற வேலை. உள்ள இருக்கற படத்தையே பிரிச்சு, வேற முறையில திரும்பச் சுருக்கறது. ஆட்டின எண்ணெயைத் திரும்ப மல்லாட்டை ஆக்க முடியாதுன்னு உனக்குத் தெரியும். இங்கயும் அதே கதை. சுருக்கறப்ப கழிஞ்சது கழிஞ்சதுதான். வாட்ஸப்புல வந்ததை எறக்கி, அதை ஒரு தடவை ‘கன்வெர்ட்’ பண்ணி, எடிட் பண்ணி, ரெண்டர் பண்ணி, திரும்ப வாட்ஸப்புல அனுப்பி, அதை எவனோ யூடியூபுல ஏத்தி... கடைசியில பொண்ணு எது, பொண்ணோட அத்தை எதுன்னு தாலி கட்டினவனுக்கே சந்தேகம் வந்துடும். வாட்ஸப்புல அனுப்பித்தான் ஆகணும்னா டாக்குமென்ட்டா அனுப்பு. 2022-லேர்ந்து 2 ஜி.பி. வரைக்கும் போவுது, அதுல கை வைக்காம குடுக்கும்.

ஒண்ணு கவனி. நீ கட்டிப் புடிச்சிக்கினு இருக்கற ஹேண்ட்பிரேக் இருக்குதே, நல்ல சாமான்தான், இலவசந்தான். ஆனா அதுக்குப் படத்தைச் சும்மா கொட்டத் தெரியாது, ஆட்டத்தான் தெரியும். எதைக் குடுத்தாலும் ஆட்டும். அதனால கொட்டற வேலைக்கு அதைக் கூப்பிடாத.

‘எல்லாத்துக்கும் ஒரே முறை வச்சுத் தொலைக்க வேண்டியதுதானே, ஏன் தாத்தா இத்தனை?’ன்னு கேப்ப. கேளு. எச்.264 2003-ல வந்துச்சு. அது ஓடாத போனு இல்ல, பிரவுசரு இல்ல. 2013-ல எச்.265 வந்துச்சு. அதே தெளிவை ஏறக்குறைய பாதி அளவுல அடக்கும். கெட்டிக்காரப் புள்ளைதான். ஆனா காப்புரிமைக்காரங்க தனித்தனிக் கூட்டமா நின்னுக்கினு, ஆளாளுக்குப் பங்கு கேட்டாங்க. வரப்புத் தகராறுல நெலமே தரிசாப் போன கதை நம்ம பக்கம் நெறைய உண்டு. குரோம் 2022-லதான் அதை உள்ள உட்டுச்சு, அதுவும் கருவியிலயே அதுக்குத் தக்க சில்லு இருந்தாத்தான் ஓடும். இந்த வம்பே வேணாம்னு கூகுள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட்டுன்னு பெரிய பெரிய ஆளுங்க 2015-ல ஒண்ணு கூடி, ராயல்டி கேக்காத ஏ.வி.1-ஐ 2018-ல வெளியிட்டாங்க. சின்னதா அடங்கும். ஆனா ஆட்டறதுக்கு நேரம் புடிக்கும். உன் பழைய கம்ப்யூட்டருல போட்டா உனக்குக் கண்ணாலம் ஆகற அன்னிக்குத்தான் முடியும். அவசரம் ஒண்ணும் இல்லதான்.

அதனால இப்போதைக்கு சொந்த வெப்சைட்டுன்னா எச்.264 படம், ஏ.ஏ.சி. சத்தம், எம்.பி.4 சாக்கு. கண்ணை மூடிக்கினு அதைப் பண்ணு. ஆனா ஒரு எடத்துல அது செல்லாது. விக்கிப்பீடியாவுல செஞ்சிக் கோட்டைப் பக்கத்துக்கு நீ எடுத்த வீடியோவைச் சேர்க்கணும்னு ஆசைப்பட்டியே, அந்தப் படமெல்லாம் விக்கிமீடியா காமன்ஸ்லதான் இருக்கணும். அங்க எம்.பி.4 வாங்க மாட்டாங்க. காப்புரிமை ஒட்டின சாமானே வேணாம்னு 2014-ல கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அங்க வெப்எம் சாக்கு, உள்ள வி.பி.9 இல்லன்னா ஏ.வி.1 படம், ஓபஸ் சத்தம். நீ பேரை மட்டும் வெப்எம்னு மாத்தி அனுப்பிப் பாரேன், திருப்பி அனுப்புவாங்க. அதையும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ.

இப்ப அளவுக்கு வரன். உனக்குப் புடிச்ச எடம். ‘குவாலிட்டி எவ்ளோ வைக்கறது?’

படத்தை எப்படிச் சுருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் இதுக்குப் பதில். நொடிக்கு 25 படம். இருவத்தஞ்சையும் முழுசா எழுதினா எந்த டிஸ்க்கும் தாங்காது. அதனால ஒரு படத்தை முழுசா எழுதிடும், அதுக்குக் கீஃப்ரேம்னு பேரு. அடுத்து வர்றதுல ‘அக்கம் பக்கத்துப் படத்துலேர்ந்து இன்னா மாறியிருக்குது’ன்னு மட்டும் எழுதும். ராஜகிரியை ஸ்டாண்டு போட்டு எடு. எண்ணூறு அடிப் பாறை, ஒரு இம்மி நகராது. எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஃபைல் சின்னதாப் போயிடும். அதே பாறையை நீ கை நடுங்க எடுத்தா, ஒவ்வொரு படத்துலயும் மலையே நகருது. அசையாத மலைக்கு, நீ அசைஞ்ச கணக்கையெல்லாம் அது எழுதணும்.

இப்ப மேலச்சேரி பக்கம் பாரதக் கூத்தை எடு. கட்டை வேஷக்காரர் களரிக்கு வராரு. கிரீடத்துலயும் புஜகீர்த்தியிலயும் ஒட்டின கண்ணாடித் துண்டு ஒண்ணொண்ணும் லைட்டு வெளிச்சத்துல மினுக்குது. ஒரு சுத்து சுத்தினாருன்னா உடுப்பு விரியுது, காலடியில புழுதி கெளம்புது, பின்னால கட்டியங்காரன் ஒரு பக்கம் குதிக்கறான், உட்கார்ந்திருக்கற சனம் கையை ஆட்டுது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒத்துப்போறது ஒண்ணுமே இல்ல. நீ மலைக்கு வச்ச அதே 2 மெகாபிட்டைக் கூத்துக்கும் வச்ச. சுத்தறப்ப வேஷக்காரர் மொகம் கட்டம் கட்டமாப் போச்சு. அரிதாரம் பூச அந்த மனுசன் சாயங்காலத்துலேர்ந்து உட்கார்ந்தாரு. நீ ஒரே அமுக்குல அழிச்சிட்ட.

அளவை நீ கட்டாத, தரத்தைக் கட்டு. சி.ஆர்.எஃப்.னு ஒரு எண்ணு இருக்குது, ஹேண்ட்பிரேக்குல ஆர்.எஃப்.னு நகர்த்தற கட்டை. எச்.264-க்கு 0-லேர்ந்து 51 வரைக்கும் போகும். எஃப்எஃப்எம்பெக்கு தானா வச்சுக்கறது 23. 18-க்கும் 28-க்கும் நடுவுல இருந்தா மானம் போகாது. எண்ணு கொறைய கொறையத் தெளிவு கூடும். ஆறு கூட்டினா ஃபைல் கிட்டத்தட்ட பாதியா எளைக்கும். நீ பரீட்சை மார்க்குன்னு நெனைச்சு 51 வச்சு, ‘ஃபுல் குவாலிட்டி தாத்தா’ன்னு காட்டின பாரு... வாழ்க்கையில நீ ஃபுல் மார்க்கு வாங்கினது அது ஒண்ணுதான்.

ஏன் சுருக்கணும்னும் கணக்குப் போட்டுப் பாத்துக்கோ. கூத்து விடிய விடிய எட்டு மணி நேரம். கேமரா 50 மெகாபிட்டுல எழுதினா மணிக்கு 22.5 ஜி.பி., ஒரு ராத்திரிக்கு 180 ஜி.பி. அதையே 4 மெகாபிட்டுக்கு எறக்கினா 14.4 ஜி.பி. வீட்டுல ஒயர் நெட்டு இருக்கறவனுக்கு அது சரி. ஆனா பாக்கப்போறது யாரு? பெங்களூருல கட்டட வேலைக்குப் போன நம்ம ஊரு ஆளு. தெனம் ஒன்றரை ஜி.பி. கார்டு போட்டிருக்கறான். 4 மெகாபிட்டுன்னா ஒரு மணி நேரம் முழுசா பாக்கறதுக்குள்ள தீந்துடும், துகில் உரியறதுக்கு முன்னாலயே அவன் டேட்டாவை உரிஞ்சிட்ட. 480 வரியில 0.8 மெகாபிட்டு வச்சா மணிக்கு 360 எம்.பி.தான், நாலு மணி நேரம் நிம்மதியாப் பார்ப்பான். அதனால பெருசு ஒண்ணு, நடுத்தரம் ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னு ஆட்டி வச்சு, நெட்டு வேகத்துக்குத் தக்கபடி பிளேயரே மாத்திக்கட்டும்னு விடலாம். ஆப்பிள்காரன் 2009-ல கொண்டாந்த எச்.எல்.எஸ். அதுக்குத்தான். வீடியோவை ஆறு நொடி, ஆறு நொடியா நறுக்கி வைக்கும். நெட்டு படுத்தா அடுத்த துண்டைச் சின்னதுலேர்ந்து எடுத்துக்கும்.

இன்னொண்ணு. கீஃப்ரேமை நீ கண்டுக்காம உட்டா 250 படத்துக்கு ஒரு தடவைதான் போடும். அதாவது பத்து நொடி. கிருஷ்ணன் வர்ற எடத்துக்குத் தாவணும்னு ஒருத்தன் விரலை வச்சா, பக்கத்துல முழுப் படம் இல்லாம அது திணறும். ரெண்டு நொடிக்கு ஒண்ணுன்னு வை. சத்தத்துலயும் கஞ்சத்தனம் பண்ணாத. 128 கிலோபிட்டாவது குடு. அதுக்குக் கீழ ரொம்ப எறக்கினா மொதல்ல அடிபடறது முகவீணைதான். கீச்சுக் குரல்ல அது இழுக்கற இழுப்பு, தண்ணிக்குள்ள மூழ்கினாப்ல கேக்கும். யூடியூபுல ஏத்தறதுன்னா சுருக்கவே சுருக்காத. அவங்க எப்படியும் திரும்ப ஆட்டுவாங்க. 1080-க்கு 8 மெகாபிட்டாவது குடுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. கேக்கறவன் அதிகமாக் கேக்கறப்ப நீ ஏன்டா குறைச்சு அளக்கற?

எல்லாம் சரியாப் பண்ணியும் வெப்சைட்டுல படம் தொடங்கவே மாட்டேங்குதுன்னு மண்டையை ஒடைச்சிக்கினியே, அதுக்கு வரன். சாக்குக்குள்ள இன்னா எங்க இருக்குதுன்னு ஒரு சீட்டு வச்சிருப்பாங்க. கேமராவுக்கு எடுத்து முடிச்ச பெறகுதான் கணக்கு தெரியும், அதனால சீட்டைச் சாக்கோட அடியில போட்டுடுது. பிரவுசருக்குச் சீட்டு வேணும், சீட்டு இல்லாம ஒரு பருப்பு எடுக்காது. அடி வரைக்கும் தோண்டிக்கினே இருக்கும், நீ வட்டத்தைப் பாத்துக்கினே இருப்ப. சீட்டை மேல கொண்டாந்து வை. எஃப்எஃப்எம்பெக்குல ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’னு கேளு. ஹேண்ட்பிரேக்குல ‘வெப் ஆப்டிமைஸ்டு’ன்னு ஒரு கட்டம், அதுல டிக்கு போடு. ஒரு டிக்குடா! இத்தனை நாளா அந்தக் கட்டம் உன் கண்ணுக்கு முன்னாலதான் இருக்குது. பக்கத்துத் தெரு ஜன்னல்னா மட்டும் சரியாத் தெரியுது.

போன் வீடியோவுக்குத் தனியா கொஞ்சம் சூது வேணும். போனை நட்டுக்க வச்சு எடுத்தா, படத்தைப் படுக்கையாவே எழுதிட்டு, ‘காட்டறப்ப திருப்பிக் காட்டு’ன்னு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்குது. ஓட்டை கன்வெர்ட்டரு அந்தக் குறிப்பை முழுங்கிடும். அப்படித்தான் உன் வீடியோவுல கல்யாண மகால் படுத்துத் தூங்கினது. அத்தனை மாடியும் சாஞ்சு கெடக்குது, நீ அதுக்கு ‘பாரம்பரியம் காப்போம்’னு தலைப்பு வேற போட்டிருக்கற. ஐபோன்காரங்க வந்தா இன்னொரு வம்பு. 2017-ல ஐ.ஓ.எஸ். 11 வந்ததுலேர்ந்து அது எச்.265-ல எழுதுது. எடுக்கறதுக்கு முன்னாலயே கேமரா செட்டிங்குல ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’னு மாத்தச் சொல்லு, எச்.264 வந்துடும். எச்.டி.ஆர்.ல எடுத்ததை அப்படியே மாத்தினா வேஷக்காரர் மொகத்துச் செகப்பு வெளுத்து, காமாலை வந்தாப்ல நிப்பாரு. ஒளியையும் சேர்த்து எறக்கணும், டோன் மேப்பிங்குன்னு நீயே நண்பன்கிட்ட பீத்திக்கினு இருந்தியே, அதைச் செய்யவும் செய்யி. பெரிய கேமராக்காரங்க 10 பிட்டு, 4:2:2-ன்னு குடுப்பாங்க. வெப்புக்கு 8 பிட்டு, 4:2:0-ன்னு எறக்கிக் குடு. இல்லன்னா அவங்க கம்ப்யூட்டருல ஓடும், ஊரான் போன்ல கருப்பா நிக்கும்.

இப்ப பழைய கேசட்டுக்காரங்க. இவங்க வர்றப்ப நீ கொட்டாவி விடற. அங்கதான் எனக்குக் கோவம் வருது.

ஆல்ஃப் ஹில்டபைடல்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர். நம்ம சீமையில திரௌபதையம்மன் கோயில் கோயிலா அலைஞ்சு, பாரதம் படிக்கறதையும் கூத்தையும் தீமிதியையும் பார்த்து, பெரிய புத்தகம் எழுதினாரு. 1988-ல சிகாகோ பல்கலைக்கழகம் போட்ட மொத பாகத்துக்கு, செஞ்சியிலேர்ந்து குருக்ஷேத்திரம் வரைக்கும்னு துணைத்தலைப்பு. அதே வருசம் ‘லேடி ஆஃப் ஜிஞ்ஜி’ன்னு ரெண்டு பாகமா வீடியோ டேப்பும் வந்துச்சு. யூடியூபுன்னு ஒண்ணு வர்றதுக்குப் பதினேழு வருசம் முன்னால! எங்கயோ அமெரிக்காவுலேர்ந்து வந்தவரு நம்ம சாமியை டேப்புல வச்சாரு. நம்ம ஊர்ல எடுத்த டேப்புங்களை இன்னா பண்ணாங்க? காக்கா வெரட்டக் கொல்லையில கட்டித் தொங்க விட்டாங்க. வெயில்ல பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு.

தப்பிச்சது ஒண்ணு ரெண்டு வருது. அதை இன்னா பண்ணணும்னு கேட்டுக்கோ. அந்தக் காலத்து வீடியோ ஒரு படத்தை ரெண்டு பாதியா, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதும். நொடிக்கு அம்பது பாதி. டிவிக்கு அது சரி. போன்ல போட்டா, ஆளு கையை வீசறப்ப ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக் கோடு தெரியும். மொதல்ல டீ-இன்டர்லேஸ், அப்பாலதான் அளவைச் சுருக்கறது. முன்ன பின்ன மாத்தினா அந்தக் கோடு படத்தோட சேர்ந்து வெந்துடும், எடுக்கவே முடியாது. அடுத்தது, 4-க்கு 3-ன்னு இருந்த படத்தை 16-க்கு 9-ன்னு இழுக்காத. இழுத்தா ஊர்ல எல்லாரும் குண்டாயிடறாங்க. எண்பத்தெட்டுல எங்க ஊட்டுல ஒரு வேளைக் கஞ்சி, உன் வீடியோவுல நான் மிராசுதாரு. ரெண்டு பக்கமும் கருப்பு இருந்துட்டுப் போகட்டும், யாரும் கேஸ் போட மாட்டாங்க.

‘விசிடியை 4கே ஆக்கித் தரப்படும்’னு போர்டு எழுதப்போறன்னு சொன்ன. விசிடியில இருக்கறது 352-க்கு 288 புள்ளி, மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். 4கே-ன்னா எண்பத்து மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. ஒண்ணை எண்பதா ஆக்கணும். மிச்சத்தை யாரு குடுப்பாங்க? கம்ப்யூட்டரு கற்பனை பண்ணும். உன் ஆயாவுக்கு இல்லாத மூக்குத்தி வரும், எனக்குப் பல்லு முளைக்கும். அழகாத்தான் இருக்கும். ஆனா அது நாங்க இல்லடா.

காசு கட்டாம ஆன்லைன்லயே மாத்தித் தர்ற சைட்டுங்க இருக்குதுன்னு ஊரான் வீட்டு வளைகாப்பு வீடியோவையெல்லாம் அங்க ஏத்தற பாரு, அதை மட்டும் விட்டுடு. எவன் அவன், எங்க இருக்கறான், எறக்கிக்கினு இன்னா பண்றான், உனக்குத் தெரியுமா? அமெரிக்காவுல எஃப்.பி.ஐ.யோட டென்வர் ஆபீசே 2025 மார்ச்சுல எச்சரிச்சுது. இந்த இலவச கன்வெர்ட்டருங்கள்ல சிலது மாத்தின ஃபைலோட சேர்த்து வைரஸையும் கட்டிக் குடுக்குது, ஏத்தற ஃபைல்லேர்ந்து தகவலையும் உருவுதுன்னு. எஃப்எஃப்எம்பெக்கு உன் மேசை மேலயே ஓடுது. வெளியில ஒரு புள்ளி போகாது. வீட்டுல சும்மா செக்கு இருக்கறப்ப, முகம் தெரியாதவன் வாசல்ல போய் மூட்டையை எறக்கிட்டு வர்றவனை இந்த ஊர்ல இன்னான்னு சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. வெப்புக்கு மாத்தி முடிச்சதும் ‘எடம் அடைக்குது’ன்னு மூல ஃபைலை அழிக்கற உன் கையை மடக்கு. எஃப்.எல்.வி.ன்னு ஒரு காலம் இருந்துச்சு. வெப்புல வீடியோன்னா அதுதான்னு எல்லாரும் மாத்தினாங்க. அதை ஓட்டின ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ஓட மூட்டை கட்டிடுச்சு. மூலத்தை வச்சிருந்தவன் அதுலேர்ந்து புதுசா ஆட்டிக்கினான். எஃப்.எல்.வி.யை மட்டும் வச்சிருந்தவன் எண்ணெயிலேர்ந்து எண்ணெய் ஆட்டினான். இன்னிக்கு எச்.264, நாளைக்கு ஏ.வி.1, அப்பால எது வருமோ. வெப்புக்குப் போறது வர்றவனுக்குக் குடுக்கற சரக்கு, மூலம் வெதை. வெதை மல்லாட்டையை வறுத்துத் தின்னுட்டு ஆடிப் பட்டத்துக்கு அண்ணாந்து பாக்கறவன் உருப்படுவானா? ரெண்டு ஹார்டு டிஸ்க்குல வை. ஒண்ணு கடையில, ஒண்ணு வீட்டுல. ரெண்டையும் ஒரே பையில போட்டுக்கினு சுத்தாத, நீ சுத்துவ.

அப்பால, தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றன், உங்கப்பன்கிட்ட சொல்லாத. சாக்கு மாத்தற வேலை ஒரு நிமிசத்துல முடிஞ்சுதுன்னு வாடிக்கைக்காரன் முன்னால சொல்லிடாத. ‘ஒரு நிமிசத்துக்கா இவ்ளோ காசு?’ன்னு கேப்பான். நாளைக்கு வாங்கன்னே சொல்லு. ஏமாத்தச் சொல்லலடா, அந்த ராத்திரிக்கு வேலை இருக்குது. மாத்தினதை உன் கம்ப்யூட்டருல பாக்காம, வீட்டுல இருக்கறதுலயே பழைய, கண்ணாடி வெடிச்ச போன்ல, கொறைஞ்ச நெட்டுல போட்டுப் பாரு. தொடக்கம் பாரு, நடுவுல தாவிப் பாரு, கடைசி பத்து நிமிசம் பாரு. பேச்சும் உதடும் ஒத்துப்போகுதான்னு பாரு. போன்ல எடுத்தது ஃப்ரேமு ஒரே சீரா இருக்காது, எடிட் பண்ணதும் போகப் போகச் சத்தம் பிந்தும். அதை ஆரம்பத்துல பார்த்துக் கண்டுபுடிக்க முடியாது. அந்தப் பார்வைக்குத்தான் காசு, தைரியமா வாங்கு.

நான் சொன்னதுக்கும் காசு உண்டு. கணக்குல எழுதிக்க வேணாம், மொதல்ல போய் ரெண்டு டீ சொல்லிட்டு வா. உனக்குச் சக்கரை கம்மியா, எனக்கு டாக்டர் கண்ணுல படாத அளவுக்கு.